சுன்னத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

1

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, என் மகன் அன்வர் குர்ஆன் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தான். அவனுக்கு ஏழு வயது. அவன் அழுதால் நானும் என் மனைவியும் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை. முழங்கால், முழங்கை, பல் ஈறு, இவற்றைப் பார்த்த பிறகுதான் முகம். அன்றைக்கு உடம்பில் ஒரு கீறலும் இல்லை. தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்யும் தண்ணீர்த் தொட்டியில் அவன் கை வைக்கக் கூடாது என்று கூடப் படிக்கிற பையன்கள் தள்ளி நிறுத்திவிட்டார்களாம். மலாயில் ஏதோ சொல்லிக் கத்தினார்களாம்.

அவனுக்கு அதைத் தமிழில் சொல்ல வரவில்லை. பதினொரு வயதான மும்தாஜ்தான் தம்பிக்காகத் தன் தாயிடம் விளக்கினாள்.

"'பெலும் மாசுக் ஜாவி'ன்னு சொன்னாங்களாம்மா. இவன் இன்னும் ஜாவிக்குள்ள போகலையாம்."

"ஜாவின்னா எந்த ஊருடி?"

"ஊரு இல்லம்மா. சுன்னத்து. இங்க அப்புடித்தான் சொல்லுவாங்க. எங்க கிளாஸ்ல எல்லாப் பையனுக்கும் ஆயிருச்சு. இவனுக்கு மட்டும் ஏன் செய்யல?"

என் மனைவி பையனின் சட்டையைக் கழற்றி, முதுகையும் ஒருமுறை பார்த்துவிட்டு, சோறு போடப் போய்விட்டாள்.

பினாங்கில் இதே கேள்வியை ஏழு வருஷமாகப் பல பேர் கேட்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து கப்பலேறி வருகிறவர்கள் கேட்டார்கள். அறந்தாங்கியிலிருந்து என் அண்ணன் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டார். பையனுக்கு உடம்பு தேறட்டும், ஊருக்கு வந்து வைப்போம் என்று ஏதேதோ சொல்லித் தப்பித்துவந்தேன். பெரியவர்களிடம் மழுப்பலாம். என் மகள் கேட்டபோது மழுப்ப முடியவில்லை. காரணம் பின்னால் வருகிறது.

2

நான் கப்பலேறியது நாற்பத்தெட்டில். நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் அம்மை குத்திய சீட்டைக் காட்டு, தகப்பன் பெயரைச் சொல், மறுபடி சொல் என்று படுத்திய பாட்டில் என் பெயரின் பாதி பாஸ்போர்ட்டில் போய் மீதிப் பாதியோடு வந்து இறங்கினேன். இன்றைக்கும் துறைமுகக் கிட்டங்கியில் மூட்டை எண்ணிக் குறிக்கும் கிராணியாக அந்தப் பாதிப் பெயரில்தான் கையெழுத்துப் போடுகிறேன். காலையில் சைரன் ஊதுவதற்குள் உள்ளே இருக்க வேண்டும். பகலெல்லாம் மலாய், சீனம், தெலுங்கு, எங்கள் தமிழ் எல்லாம் கலந்த ஒரு பாஷை பேச வேண்டும். வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் அதே பாஷையில் பதில் சொல்லும்போது தமிழ்ல பேசுங்க என்று கத்த வேண்டும். இப்படித்தான் பொழுது போகிறது.

ஐம்பத்திரண்டில் ஊருக்கு வந்து நிக்காஹ் முடித்தேன். பெண் வீடு மணமேல்குடி. தகப்பனார் கருவாட்டு வியாபாரி. இரண்டு பெண்கள், என் மனைவி மூத்தவள், இளையவள் பெயர் ரஹ்மத்து. ஆண் பிள்ளை ஒருவன் இருந்து காய்ச்சலில் இறந்துபோனான் என்று பெண் பார்த்தபோது சொன்னார்கள். காய்ச்சலில் பிள்ளை சாகாத வீடு அந்தக் காலத்தில் ஏது? நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

என்னுடைய சுன்னத் அறந்தாங்கியில் ஏழு வயதில் நடந்தது. புதுச் சட்டை, பூமாலை, குதிரையில் ஊர்வலம், வீடு நிறைய நெய்ச்சோற்று வாசம். ஊரே கல்யாணம் என்று சொன்னதை நானும் நம்பினேன். உள்ளே கொண்டுபோய் மாமா என் கைகளைப் பின்னால் பிடித்தபோதுதான் புரிந்தது. "மேல பாரு, மேல குருவி இருக்கு பாரு" என்றார். நான் பார்த்தேன். குருவி இல்லை. அந்த வலி பத்து நாளில் போயிற்று. ஏமாற்றிப் பிடித்தார்கள் என்பது மட்டும் போகவில்லை. எனக்கு ஆண் பிள்ளை பிறந்தால் அவனுக்கு இந்த ஞாபகமே இருக்கக் கூடாது என்று அப்போதே நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

அதனால், இங்கே சுதந்திரம் கிடைத்த மறு வருஷம் அன்வர் பிறந்து, பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்த சில நாளிலேயே சுன்னத் செய்துவிடலாம் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"கொழந்தைக்கு வலி தெரியாதாம். ஞாபகமும் இருக்காது" என்று மனைவியிடம் சொன்னேன்.

கட்டிலில் படுத்திருந்தவள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, "ஞாபகம் இல்லாட்டி வலிக்கலன்னு அர்த்தமாங்க?" என்றாள்.

தாய் மனசு என்று நினைத்து அதைத் தள்ளிவிட்டேன்.

3

பிரசவம் பார்த்தவர் ஒரு சீன டாக்டரம்மா. ஐம்பது வயதிருக்கும். சிரிக்கவே மாட்டார். சுன்னத் செய்ய வேண்டும் என்று நான் கேட்டபோது எதிரே உட்காரச் சொன்னார். எனக்குத் தெரிந்த மலாயில் பேசினோம்.

அவர் சொன்னதை அப்போது நான் அரைக் காதில்தான் கேட்டேன். இப்போது ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு இதை உடனே செய்தாக வேண்டும் என்று வைத்தியத்தில் கட்டாயம் எதுவும் இல்லை. உங்கள் மார்க்கத்துக்காகக் கேட்கிறீர்கள், நான் செய்து தருகிறேன், ஆனால் அவசரப்படுத்தாதீர்கள் என்றார். குழந்தை எடை குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்திருந்தால், மஞ்சள் காமாலை, காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போட வேண்டும். மூத்திரம் வருகிற துவாரம் நுனியில் இல்லாமல் கீழே தள்ளி இருந்தால் தொடவே கூடாது. பிற்பாடு அதைச் சரிசெய்ய அந்தத் தோல்தான் வேண்டும். எங்கள் ஊரில் அப்படிப் பிறந்த பிள்ளையை வானத்து மலக்குகளே சுன்னத் செய்து அனுப்பிவிட்டார்கள் என்று கொண்டாடுவதை நான் பார்த்திருக்கிறேன். அது கொண்டாட வேண்டிய விஷயமல்ல, டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

குழந்தைக்கு வலிக்காது என்பதை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "யார் சொன்னது? அது அழுவதை நான் கேட்டிருக்கிறேன்" என்றார்.

கடைசியாக ஒரு பாரம். அதில் பல கேள்விகள். பாரத்தை நிரப்ப ஒரு யாழ்ப்பாணத்து நர்ஸம்மாவை அனுப்பினார், தமிழ் தெரியும் என்பதற்காக. அந்த அம்மா வார்டில் இருபது பேருக்கு நடுவில் நின்று என் மனைவியிடம் சத்தமாகக் கேட்டார்:

"உங்கட குடும்பத்தில ஆருக்கும் ரத்தப்போக்கு இருந்ததோ?"

என் மனைவியின் முகம் சிவந்துவிட்டது. மணமேல்குடியில் ரத்தப்போக்கு என்றால் பெண்களுக்கு வருகிற கோளாறு. புருஷன் பக்கத்தில் நிற்க, நாலு பேர் கேட்க, அதைப் பற்றி எந்தப் பெண் பேசுவாள்?

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்று முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"ஓம், இல்லை" என்று எழுதிக்கொண்டு நர்ஸம்மா பாரத்தை என்னிடம் நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். நாலாம் நாள் காலை என்று குறித்தார்கள். மூன்று பேருமே தமிழில்தான் பேசினோம்.

4

நாலாம் நாள் காலையில் பேரீச்சம்பழமும் கற்கண்டும் வாங்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தேன். என் மனைவி குழந்தையை மடியில் கிடத்தி, சுற்றியிருந்த துணியை விலக்கி வைத்து, அதன் தொடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த அன்று அங்கே ஓர் ஊசி போட்டிருந்தார்கள். அந்த இடம் ஒரு கோழிமுட்டை அளவுக்கு வீங்கிக் கறுத்துப்போயிருந்தது.

"ஊசி போட்ட எடம்தானே, வத்திப்போகும்" என்றேன். நர்ஸம்மாவும் காலையில் அப்படித்தான் சொன்னாராம்.

"என்னங்க, இன்னக்கி வேணாம்."

"ஏன்?"

"வேணாங்க. ஊட்டுக்குப் போயிருவோம்."

"டாக்டரம்மா நேரம் ஒதுக்கியிருக்காங்க. நானும் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். என்னன்னு சொல்லு."

அவள் துணியை இன்னும் விலக்கினாள். பிறகு என்னைப் பார்க்காமல், குழந்தையின் தொடையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"எந்தம்பிக்கு இப்புடித்தான் இருந்துச்சு. எங்க இடிச்சாலும் கறுத்து வீங்கிப்போகும். சின்னதுல பல்லு விழுந்தப்ப நாலு நாளு ரத்தம் நிக்கல. அவன் காய்ச்சல்ல மௌத்தாகல. சுன்னத்து வச்ச மூணாம் நாளு போனான்."

"என்ன நடந்துச்சு?" என்றேன்.

"அன்னக்கி அவனோட சேத்து மூணு பையனுக்கு வச்சாங்க. மத்த ரெண்டு பேருக்கும் அசர் தொழுகைக்குள்ள நின்னுருச்சு. இவனுக்கு நிக்கவே இல்ல. சாம்பலப் போட்டாங்க, சுட்ட துணிய வச்சாங்க. நிக்கும், மறுபடி வரும். நனைஞ்ச துணியெல்லாம் நாந்தான் கெணத்தடியில அலசுனேன். எனக்கு அப்ப ஒம்பது வயசு. அவனுக்கு முன்னால ஒருத்தன் தொட்டில்லருந்து விழுந்து மண்டை வீங்கிப் போனான். அதுவும் இதேதான்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. வெளிய தெரிஞ்சா இந்த ஊட்டுப் பொண்ணுக வயித்துல ஆம்பளப் புள்ள தங்காதும்பாங்க, எந்தங்கச்சியையும் யாரும் கட்ட மாட்டாங்கன்னு. அதுக்காகவே கட்டுமாவடியில இருந்த ஊட்ட வித்துட்டு மணமேல்குடிக்கு வந்தோம்."

அந்த நேரத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன சொல்லியிருப்பான் என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன். நான் சொன்னது இதுதான்:

"அப்ப எல்லாரும் சேந்து என்னை ஏமாத்தித்தான் கட்டி வச்சீங்க."

அக்கம்பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கற்கண்டுப் பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். எனக்கு முன்னால் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு வருஷம் ஒரே பாயில் படுத்தவளிடம் எனக்குத் தெரியாத ஒரு சாவு இருந்திருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் என் மண்டைக்குள் ஓடவில்லை. குழந்தையைப் பற்றிக்கூட நினைக்கவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

வார்டுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. குழந்தையை எடுத்துப்போக ஆயா வந்திருக்கிறாள். என் மனைவி கொடுக்க மறுக்கிறாள்.

"ஐயா கையெழுத்துப் போட்டிட்டார் எல்லோ? பிறகு ஏன் மறிக்கிறீங்கள்?" என்று நர்ஸம்மாவின் குரல்.

"அவரு போட்டாப் போட்டுட்டுப் போகட்டும். எம்புள்ளயத் தொடாதீங்க!"

என் மனைவி அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. உள்ளே ஓடினேன். குழந்தையை மார்போடு சேர்த்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டி யாரும் அதை எடுக்க முடியாது.

"வேண்டாம். நான் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றேன்.

"அதுக்கு வேற பாரம் எழுத வேணும்" என்றார் நர்ஸம்மா.

"எழுதுறேன். முதல்ல டாக்டரைக் கூப்பிடுங்க."

5

டாக்டரம்மா வந்து தொடையைப் பார்த்தார். பிறகு என்னிடம் மலாயில், மிக மெதுவாக, ஒரு சிறுபிள்ளைக்குச் சொல்வது போலக் கேட்டார்: இந்தத் தாயின் கூடப் பிறந்த ஆண் பிள்ளைகளில், தாய்மாமன்களில், பெரியம்மா சின்னம்மா பெற்ற பையன்களில், வெட்டுப்பட்டோ பல் விழுந்தோ சுன்னத் வைத்தோ ரத்தம் நிற்காமல் போனவர்கள் உண்டா?

அந்தக் கேள்வியை நான் எங்கள் தமிழில் என் மனைவியிடம் கேட்டேன். "ரெண்டு பேரு. எந்தம்பிமாரு" என்றாள்.

குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் வைத்து அடிக்கடி சாய்த்துப் பார்த்தார்கள். பத்து நிமிஷத்துக்குள் உறைய வேண்டுமாம். அரை மணி ஆகியும் அது குழாய்க்குள் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. எடுத்த இடத்தை ஆயா விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சிங்கப்பூருக்கு அனுப்பிச் சோதித்தும் அதே பதில்தான் வந்தது. ரத்தத்தை உறைய வைக்கிற ஒரு சத்து பிறவியிலேயே இல்லை. தாய் வழியாக மகனுக்கு வரும். தாய்க்கு ஒன்றும் செய்யாது. பிறக்கிற ஒவ்வொரு பையனுக்கும் வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. பெண் பிள்ளைகளுக்கு நோயாக வராது. ஆனால் பாதிப் பேர் தங்கள் மகன்களுக்குக் கொடுப்பார்கள்.

"இதில் யார் குற்றமும் இல்லை. உங்கள் மனைவி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு உங்கள் மகனைக் கொன்றிருப்பேன். உங்கள் கையெழுத்தோடு" என்றார் டாக்டரம்மா.

நான் என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், அன்றைக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து பல நாள் கழித்து, அவள் குழந்தைக்கு அடிபடாமல் இருக்கத் தொட்டிலின் கால்மாட்டில் துணி அடைத்துக்கொண்டிருந்தபோது, "அன்னக்கி அப்புடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"எதை?" என்றாள். தெரியாமல் கேட்கவில்லை. நான் அதை முழுசாகச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன்.

6

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு இன்னொரு கவலை பிடித்தது. மணமேல்குடியில் தங்கை ரஹ்மத்துக்கு இரண்டு வயதில் ஒரு மகன் இருந்தான். பெருநாள் கழித்து அவனுக்கும் பெரியப்பா பையன்களுக்கும் சேர்த்துச் சுன்னத் என்று ஏற்கெனவே கடிதம் வந்திருந்தது. கணக்குப் பார்த்தால் இன்னும் பத்து நாளோ பன்னிரண்டு நாளோதான். தபால் போய்ச் சேருமா என்பது சந்தேகம். தந்திதான் வழி.

யாருக்கு அடிப்பது? மாமிக்கு, அதாவது அவள் தாய்க்கு, அடித்தால் மடித்து மடியில் சொருகிக்கொள்வார். ரஹ்மத்தின் புருஷன் காதர், என் சகலை, அவருக்கு அடித்தால் இத்தனை வருஷம் மூடி வைத்தது அம்பலமாகும். ரஹ்மத்தின் வாழ்க்கை என்ன ஆகும் என்று தெரியாது. நான் முடிவு செய்யவில்லை. அது அவள் தங்கை. மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலுக்கு வந்தாள்.

"காதர் மச்சானுக்கே அடிங்க. அவ என்னைக் காறித் துப்புனாலும் பரவால்ல. அவ துணி அலசக் கூடாது."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், சுன்னத்தை நிறுத்தவும், தாய் வழியில் பையனுக்கு ரத்தத்தில் ஆபத்து இருக்கலாம், கடிதம் வருகிறது என்று எழுதிக் கொடுத்தேன். தந்தியில் 'இருக்கலாம்' எப்படியோ விழுந்துவிட்டது. அங்கே அதைப் படித்துச் சொன்னவர் நடுத்தெருவில் நின்று, பையனுக்கு ரத்தத்தில் ஆபத்து, தாய் வீட்டு ரத்தம் என்று சொல்லியிருக்கிறார். என் கடிதம் போய்ச் சேர்வதற்குள் தெரு முழுக்க ஒரே பேச்சு: அந்த வீட்டு ரத்தமே கெட்ட ரத்தம்.

சகலை சுன்னத்தை நிறுத்தினார். பிள்ளையையும் ரஹ்மத்தையும் மாமி வீட்டில் கொண்டுபோய் விட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், என் கடிதத்தைப் படித்துவிட்டு அவரே பையனைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் ரத்தம் சோதிக்கச் செய்தார். பையனுக்கு ஒன்றும் இல்லை. ரத்தம் ஒழுங்காக உறைந்தது. பிறகு சுன்னத் வைத்தார்கள். பத்தாம் நாள் தெருவில் ஓடித் திரிந்தானாம்.

நாங்கள் இங்கே அல்ஹம்துலில்லாஹ் என்றோம். அங்கே எங்களைப் பொய்யர் என்றார்கள். 'நல்லா இருந்த பிள்ளைக்கு நோய் கட்டி, என் மகள் வாழ்வில் நெருப்பை அள்ளிக் கொட்டிவிட்டீர்களே' என்று மாமி யாரையோ எழுதச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார். ரஹ்மத்து புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகப் பதினோரு மாதம் ஆயிற்று. அதன் பிறகு ஆறு வருஷத்துக்கு மேல் அவள் அக்காவுக்கு ஒரு வரி எழுதவில்லை. மாமி மௌத்தான செய்திகூட அறந்தாங்கி அண்ணன் கடிதத்தில்தான் வந்தது. அன்றைக்கு என் மனைவி, "எந்தலையில அடிச்சு சத்தியம் வாங்குனாங்க, நான் ஒடச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் அழவும் இல்லை.

பாதிக்குப் பாதி என்று டாக்டரம்மா சொன்னதை நான் பலமுறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் நல்ல பாதியில் இருந்தான். அதற்காக ஒரு பெண் பதினோரு மாதம் தாய் வீட்டில் கிடந்தாள். தந்தி அடித்தது சரியா? சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கிட்டங்கியில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கும்போது அந்தக் கேள்வி வந்து எண்ணிக்கையைக் கலைத்துவிடும்.

7

அன்வருக்குச் சுன்னத் செய்யவில்லை. இங்கே மார்க்கம் படித்த ஓர் ஆலிமிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். உயிருக்குப் பயம் இருக்கும்வரை அந்தக் கடமை அவன் மேல் இல்லை, பயம் நீங்கினால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவருக்குப் பதில் சொல்லக் கால் நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தக் கால் நிமிஷத்துக்காக யாரும் கேட்கப் போகாமல் மணமேல்குடிப் பக்கம் எத்தனை வீட்டில் துணி அலசினார்களோ.

பையன் வருஷத்தில் இரண்டு மூன்று தடவை ஆஸ்பத்திரியில் படுப்பான். முழங்கால் வீங்கும், பிளாஸ்மா ஏற்றுவார்கள். பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடக் கூடாது என்று நான் கொடுத்த கடிதத்தை வாத்தியார் ஒருத்தர், பிள்ளையைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள் என்று எழுதித் திருப்பி அனுப்பினார். மறுபடி எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமை மும்தாஜ் கேட்ட கேள்விக்கு மறுநாள் பதில் சொன்னோம். நானும் அவள் தாயும் சேர்ந்து உட்கார்ந்து, இறந்த தாய்மாமன்களிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னோம். கடைசி வரை கேட்டுவிட்டு, அவள் இங்கிலீஷ் கலந்த தமிழில் கேட்டாள்:

"அப்ப எனக்கும் ஹாஃப் ஹாஃப்பா?"

"ஆமாம்" என்றேன். மழுப்ப முடியாது என்று முதலில் எழுதியது இதைத்தான்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தா சொல்லுவீங்களா?"

"சொல்லுவோம்."

"வேணாம்னுட்டுப் போயிட்டா?"

அதற்கு அவள் தாய்தான் சொன்னாள்: "போகட்டும்டி. தெரிஞ்சுக்கிட்டு கட்டுறவன் வரட்டும்."

மும்தாஜ் எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

8

அதற்கு அடுத்த வாரம் ரஹ்மத்திடமிருந்து கடிதம் வந்தது. உறையின் மேல் முகவரி சகலை கையெழுத்தில். உள்ளே அரபுத்தமிழ். தமிழை அரபி எழுத்தில் எழுதுவது எங்கள் பெண்கள் பழக்கம். எனக்கு அது தட்டுத்தடுமாறித்தான் வரும். என் மனைவிதான் நின்றுகொண்டே படித்தாள்.

'அக்கா, எனக்கு ரெண்டாவதா ஒரு ஆம்பளப் புள்ள பொறந்து எட்டு மாசம் ஆச்சு. தவழ ஆரம்பிச்சதுலருந்து, தூக்குன எடமெல்லாம் வெரல் வெரலாக் கறுக்குது. போன வாரம் ஒதட்டுக்குள்ள கிழிஞ்சு மூணு நாளு ரத்தம் வடிஞ்சுச்சு. வாற மாசம் சுன்னத்துன்னு மாமியா பேசுறாங்க. நான் புள்ளையத் தரமாட்டேன்னு சொல்லிட்டேன். ஒன்னைத் திட்டுனதெல்லாம் மனசுல வைக்காத. டாக்டரு ஒனக்கு என்ன சொன்னாங்க? ஒண்ணு விடாம எழுது.'

என் மனைவி அன்றைக்கு உலை வைக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து எழுதினாள். யாரைக் கேட்க வேண்டும், எதைச் சோதிக்க வேண்டும், ஈறில் ரத்தம் வந்தால் எப்படி அழுத்திப் பிடிக்க வேண்டும், எந்த ஊசியும் டாக்டரிடம் நோயைச் சொல்லாமல் போடக் கூடாது, தொட்டிலுக்கு எங்கெங்கே துணி அடைக்க வேண்டும் என்று ஆறு பக்கம். நடுவில் சந்தேகம் வந்தால் மட்டும் என்னைக் கேட்டாள். நல்ல பிள்ளைக்குச் சுன்னத் வைத்தாலும் அன்றைக்குத் துணியை அடிக்கடி மாற்றிப் பார்க்கச் சொல்லு, ஒரு காசளவு கறை பயமில்லை, நனைந்துகொண்டே இருந்தாலோ பொழுது சாய்வதற்குள் மூத்திரம் போகாவிட்டாலோ காய்ச்சல் கண்டாலோ வண்டி கட்டச் சொல்லு, சாம்பல் போட்டுக் காத்திருக்க வேண்டாம் என்று நான் சொன்னதையும் சேர்த்துக்கொண்டாள்.

நேற்று பதில் வந்தது. தஞ்சாவூரில் பார்த்துவிட்டார்கள். குழந்தைக்கு அந்த நோய்தான். இந்தத் தடவை சகலை யாரையும் எங்கேயும் கொண்டுபோய் விடவில்லை. தன் தாயிடம், "எம்மகனுக்குச் சுன்னத்து இல்ல, இனிமே அதைப் பத்தி இந்த ஊட்டுல பேச்சு வேணாம்" என்று அவரே சொன்னாராம். குழந்தைக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைத்திருக்கிறதாம். முளைத்தபோது ரத்தம் வந்து, அழுத்திப் பிடித்து, நின்றதாம்.

கடிதத்தை மடித்துவிட்டு என் மனைவி சொன்னாள்:

"ஊருப் பத்திரிகைக்கு எழுதணும் எழுதணும்னு சொல்லுவீங்கள்ல. இதை எழுதுங்க."

"எழுதலாம். ஒம் பேரு, ஊரு பேரெல்லாம் மாத்திப் போட்டுக்கிறேன்."

"எதுக்கு மாத்தணும்? எம் பேரையே போடுங்க. யாரோ எவளோன்னு போட்டா, கதைன்னு நெனச்சுப் பக்கத்தைத் திருப்பிட்டுப் போயிருவாங்க. எனக்குத் தெரிஞ்சவக படிக்கணும். படிச்சுட்டு, எந்தம்பிமாரு மாதிரி அவக ஊட்டுல யாரும் போனாங்களான்னு பொண்ணப் பெத்தவககிட்டயும், மருமக கிட்டயும் கேக்கணும். சண்டைக்குக் கேக்கக் கூடாது. புள்ளைக்காகக் கேக்கணும்."

இதுவரை மனைவி என்றே எழுதி வந்தேன். அவள் பெயர் செய்னம்பு. கட்டுமாவடியில் பிறந்தவள், மணமேல்குடியில் வளர்ந்தவள். சாகுல், நூர்தீன் என்ற இரண்டு பிள்ளைகளின் அக்கா.